எக்ஸ்பிக்கு முழு டிரைவையும் திறந்துவிடாதீர்கள்

தீர்த்தமலை, அரூர் வட்டாரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்தும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்



தை பிறந்துவிட்டால் நமக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வரிசையாக வரும். அது முடிவதற்குள் மாசி மகம். தீர்த்தகிரீஸ்வரர் கோயில் தேருக்கு உபயதாரர் பெயர்ப் பட்டியலோடு நோட்டீஸ், போஸ்டர், அன்னதானக் கமிட்டிக்கு ரசீது புத்தகம் எல்லாம் அடிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் செட்டிங்ஸ் மாற்றச் சொன்னால் யாருக்கும் கை வராது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. நம்மில் பலர் சிஸ்டம் மாற்றினோம். சிலர் விண்டோஸ் 11க்குப் போனார்கள், சிலர் உபுண்டுவுக்கு. ஆனால் வேலை இன்னும் பேஜ்மேக்கரில்தான் நடக்கிறது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்து, 1994இல் அடோபியின் கைக்கு வந்த மென்பொருள் அது. கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001இல். 2004இல் அதை மேற்கொண்டு வளர்ப்பதை அடோபி நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நம் கடைகளில் அது ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டது.

வெளியில் இருப்பவர்கள் இதைப் பழமைவாதம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இருபது வருடத்துப் பத்திரிகைகளும் பில் புக்குகளும் கோயில் மலர்களும் பி65, பிஎம்டி பைல்களாக நம்மிடம் கிடக்கின்றன. போன வருடம் அடித்த அதே ரசீது புத்தகம் வேண்டும் என்று வருகிறவருக்குப் பழைய பைலைத் திறந்து தேதியை மாற்றிக் கொடுப்பதுதான் நம் பிழைப்பு. அந்தப் பைல்களில் இருப்பது யூனிகோடு தமிழ் அல்ல. வானவில், ஸ்ரீலிபி, பாமினி, டாம் என்று ஒவ்வொன்றும் ஒரு முறை. சில எழுத்துரு மென்பொருள்களுக்கு டாங்கிள் செருகினால்தான் தட்டச்சே நடக்கும். சிக்கலும் அந்த டாங்கிளில்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. 32 பிட் காலத்து டாங்கிளின் டிரைவர் அதில் ஏறாது. பேஜ்மேக்கரை எப்படியோ ஓட்டிவிடலாம், டாங்கிளை ஓட்ட முடியாது.

இதற்கு நம் ஆட்கள் கண்ட வழி சரியான வழிதான். புதிய சிஸ்டத்துக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதில் பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் ஏற்றி, யூஎஸ்பி டாங்கிளை உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குக் கொடுத்துவிடுவது. எக்ஸ்பிக்கு 512 எம்பி ராம் ஒதுக்கினாலே தாராளம். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்பில்கூட இதை ஓட்டலாம். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்புக்குக் கட்டணம் கிடையாது. 7.0 பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 வசதிகளும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. எக்ஸ்டென்ஷன் பேக்குக்குத் தனி உரிமம் உண்டு, கடைப் பயன்பாட்டுக்கு அது இலவசம் அல்ல. நம் வேலைக்கு அது தேவையும் இல்லை. எக்ஸ்பிக்கும் பேஜ்மேக்கருக்கும் வாங்கிய உரிமம் கையில் இருக்கட்டும்.

இது வரைக்கும் நல்லது. கவலை இதற்கு அடுத்த படியில்தான்.

வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை எக்ஸ்பிக்குள் எப்படிக் கொண்டுபோவது, முடித்த பத்திரிகையை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்விக்கு நம் கடைகளில் மூன்று விதமான விடைகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, பென்டிரைவை உள்ளுக்கும் வெளிக்கும் மாற்றி மாற்றிச் செருகுவது. ஃபோல்டரை எல்லாம் ஷார்ட்கட் ஆக்கிவிடும் வைரஸ் நம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போனது இந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாவது, எக்ஸ்பியையும் வெளி விண்டோஸையும் நெட்வொர்க்கில் இணைத்து, ஆபீசில் செய்வது போல ஷேர் போடுவது. எக்ஸ்பிக்குத் தெரிந்த பகிர்வு முறை எஸ்எம்பி 1 மட்டும்தான். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைப் புதிதாக நிறுவும் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் சேர்ப்பதில்லை. எக்ஸ்பி பேசவில்லையே என்று கன்ட்ரோல் பேனலில் போய் அதைத் திரும்ப ஆன் செய்து கொடுக்கிறார்கள் சர்வீஸ் ஆட்கள். தோழர்களே, 2017 மே 12ஆம் தேதி வானாகிரை என்ற நச்சுநிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்தது இந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியே முடிந்துபோயிருந்தும், நிலைமையின் கொடுமை பார்த்து அதற்கும் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அப்படி மூடப்பட்ட கதவை ஒரு பத்திரிகை அடிப்பதற்காகத் திறப்பது வேண்டாம்.

மூன்றாவது வழி, விர்ச்சுவல்பாக்ஸே தரும் ஷேர்டு ஃபோல்டர். இதுதான் சரியான கருவி. ஆனால் இதிலும் நான் பார்த்த பெரும்பாலான கடைகளில் டி டிரைவ் முழுவதையும் ஷேர் போட்டிருக்கிறார்கள். உபுண்டுக்காரர்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வசதியாக இருக்கிறது என்கிறார்கள். வசதிதான். எக்ஸ்பிக்குள் இருக்கும் நச்சுநிரலுக்கும் அதே வசதி.

அந்த டி டிரைவில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள். ஆதார் ஸ்கேன், குடும்ப அட்டை, பட்டா, சிட்டா, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் போட்டோவும் கையெழுத்தும். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து, சாதிச் சான்றுக்காக எத்தனையோ தடவை அலைந்து வாங்கிய காகிதத்தை நம் ஸ்கேனரில் வைத்துவிட்டுப் போனவர்களின் பைல்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் தெரியாது. கடைக்காரர் பத்திரமாக வைத்திருப்பார் என்பது மட்டும் தெரியும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை ஒரு கடமையாகவே ஆக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் கடமைதான். 2014இலேயே ஆதரவு முடிந்துபோன ஒரு இயங்குதளத்துக்கு இந்தக் காகிதங்களை எல்லாம் திறந்து காட்ட வேண்டிய அவசியம் என்ன?

ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றது எளிது. எக்ஸ்பிக்குள் பார்த்தால் அது ஏதோ நெட்வொர்க் டிரைவ் போலத்தான் தெரியும். உண்மையில் அது நெட்வொர்க் வழியாக வருவதே இல்லை. கெஸ்ட் அடிஷன்ஸ் என்று எக்ஸ்பிக்குள் நிறுவுகிறோமே, அதில் உள்ள டிரைவர் விர்ச்சுவல்பாக்ஸோடு நேராகப் பேசி, வெளியில் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுகிறது. எனவே எக்ஸ்பியின் நெட்வொர்க்கை முழுவதும் துண்டித்துவிட்டாலும் ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்யும். இதை அறியாமல்தான் பலரும் பைல் மாற்ற வேண்டுமே என்று எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் எக்ஸ்பி மெஷினை, அதாவது விஎம்மை நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், எனேபிள் நெட்வொர்க் அடாப்டர் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு இன்டர்நெட் எதற்கு?

அடுத்து, வெளி சிஸ்டத்தில் இரண்டே இரண்டு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஒன்று வரவு, மற்றது செலவு. பெயரை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியில் இரண்டையும் சேருங்கள். வரவுக்கு மட்டும் ரீட் ஒன்லி டிக் போடுங்கள். ஆட்டோ மவுண்ட் இரண்டுக்கும் இருக்கட்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்தால், மேக் பெர்மனன்ட் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை ஆன் செய்யும்போது ஃபோல்டர் காணாமல் போயிருக்கும். கெஸ்ட் அடிஷன்ஸின் புதிய பதிப்பு எக்ஸ்பியில் ஏற மறுத்தால் பழைய பதிப்பின் ஐஎஸ்ஓவை இணைத்து நிறுவலாம். விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிள் பழைய பதிப்புகளையும் தரவிறக்கத்துக்கு வைத்திருக்கிறது.

கஸ்டமர் கொடுத்த போட்டோ, மேட்டர் எல்லாம் வரவில் விழும். எக்ஸ்பி அதைப் படிக்கலாம், எழுத முடியாது, அழிக்க முடியாது. அந்தத் தடையைப் போடுவது எக்ஸ்பி அல்ல, வெளியில் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ். எக்ஸ்பி முழுவதும் வைரஸ் பிடித்துக் கிடந்தாலும் வரவில் கை வைக்க முடியாது. முடித்த வேலை செலவில் வந்து விழும். கெட்டுப்போனால் அந்த ஒரு ஃபோல்டரில் இருக்கும் அன்றைய வேலைதான் கெடும். சாயங்காலம் கடை சாத்தும் முன் அதில் இருப்பதை டி டிரைவில் அந்தந்தக் கஸ்டமர் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, இரண்டையும் காலி செய்யுங்கள். கிளிப்போர்டு பகிர்வையும் இதே கணக்கில் ஹோஸ்ட் டு கெஸ்ட் என்று ஒருவழியாக வைத்தால் போதும்.

இனி, அன்றாடம் தொல்லை தரும் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரை அப்படியே பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறியாக வருகிறதே, அதற்கும் ஷேர்டு ஃபோல்டருக்கும் சம்பந்தம் இல்லை. வந்த மேட்டர் யூனிகோடு, பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. வெளி சிஸ்டத்திலேயே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில், நாம் பயன்படுத்தும் எழுத்துருவின் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை நோட்பேடில் ஒட்டிச் சேமிக்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யூடிஎஃப் 8 முறையில் சேமிக்கிறது. அந்தப் பைலை பேஜ்மேக்கரில் பிளேஸ் செய்தால் பல எழுத்துகளுக்குப் பதில் குப்பை எழுத்துகள் வரும். ஷேர்டு ஃபோல்டர் பைலைக் கெடுத்துவிட்டது என்று அதன்மேல் பழி போடுவார்கள். சேவ் ஆஸ் கொடுத்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் ஆன்சி என்று தேர்ந்தெடுத்து வரவில் சேமியுங்கள். பேஜ்மேக்கரில் கன்ட்ரோல் டி கொடுத்து எடுத்தால் எழுத்து சுத்தமாக வரும்.

பைல் பெயரிலும் இதே தொல்லைதான். மணமகன் பெயரைத் தமிழிலேயே பைல் பெயராக வைத்து வரவில் போட்டால், எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரர் அதைக் காட்டினாலும் பேஜ்மேக்கர் திறக்காது. ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் பெயர் வைத்துவிட்டால் வம்பு இல்லை.

ஷேர்டு ஃபோல்டரில் வைத்தபடியே பேஜ்மேக்கர் பைலைத் திறந்து வேலை செய்யாதீர்கள். பக்கம் மாற்றும்போதெல்லாம் பேஜ்மேக்கர் தானாகவே பைலுக்குள் கொஞ்சம் எழுதிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் போனாலோ, விஎம்மை அவசரமாக மூடினாலோ பைல் பாழாகும். நம் பக்கம் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரவிலிருந்து எக்ஸ்பியின் சி டிரைவுக்கு நகல் எடுத்து, அங்கே வேலை செய்து, முடித்த பிறகு செலவுக்கு அனுப்புங்கள். படங்களையும் அப்படியே சி டிரைவுக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான் பிளேஸ் செய்ய வேண்டும். பேஜ்மேக்கர் பெரிய படத்தைப் பைலுக்குள் வைத்துக்கொள்ளாமல் அதன் இருப்பிடத்தை மட்டும் குறித்துக்கொள்வதுண்டு. வரவில் இருந்தபடியே பிளேஸ் செய்துவிட்டு, சாயங்காலம் வரவைக் காலி செய்துவிட்டால், மறுநாள் லிங்க் அறுந்து, பிரின்ட்டில் கல்யாணப் பொண்ணு முகம் கட்டம் கட்டமாக வரும்.

வெளியே அனுப்ப ஒரு நல்ல வழி உண்டு. எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் டிரைவர் போட்டு, பிரின்ட் கொடுக்கும்போது பைலாக எழுதச் சொல்லி, அந்தப் பிஎஸ் பைலை செலவில் சேமியுங்கள். வெளி சிஸ்டத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். உபுண்டுவில் இதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். எழுத்துருக்கள் பிடிஎஃபுக்குள்ளேயே பொதிந்துவிடுவதால் ஆப்செட் பிரஸ்ஸில் எழுத்து மாறாது. அனுப்புமுன் பிடிஎஃபின் ப்ராப்பர்ட்டீஸில் எழுத்துரு எம்பெடட் என்று இருக்கிறதா என ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஸ்னாப்ஷாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் நிறுவி, டாங்கிள் ஓடி, ஒரு பத்திரிகை அடித்துப் பார்த்ததும் விஎம்மை நிறுத்தி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். எக்ஸ்பி கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது எக்ஸ்பியின் சி டிரைவில் அதற்குப் பிறகு சேர்ந்த பைல் அத்தனையும் போய்விடும். ஷேர்டு ஃபோல்டரில் இருப்பது மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது விஎம்முக்குள் இல்லை. அதே காரணத்தால், ஷேர்டு ஃபோல்டரில் அழிந்த பைலை ஸ்னாப்ஷாட் மீட்டுத் தராது. முடித்த வேலையின் பிஎம்டி பைலையும் சேர்த்து அன்றன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், வாரம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து அதைக் கழற்றி வையுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008 பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி என்ற நிறுவனம், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேரின் ஷேர்டு ஃபோல்டரிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியிட்டது. பாதையின் பெயரைத் தந்திரமாக எழுதினால், பகிர்ந்த ஃபோல்டரைத் தாண்டி வெளி விண்டோஸின் மற்ற பைல்களையும் உள்ளிருந்து தொட முடிந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவில் நாமாகப் போடும் திறப்பு இது என்பதை மறக்கக் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு உண்டு. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பேஜ்மேக்கர் தனிப் பாடமாகவே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் உபுண்டு வருகிறது. விஎம்மில் உபுண்டு போட்டுப் பழகும் பிள்ளைகள், ஷேர்டு ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது என்று வந்து நிற்பார்கள். உபுண்டுவில் அவர்கள் உள்நுழையும் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து, ஒரு முறை மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் திறக்கும். அதைச் சொல்லிக்கொடுக்கும்போது ரீட் ஒன்லி என்ற டிக் எதற்காக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் நாளைக்கு அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போடப் போகிறவர்கள்.

என்றைக்கும் எக்ஸ்பியிலேயே இருக்கச் சொல்லி நான் எழுதவில்லை. தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. புதிதாக வரும் வேலையை யூனிகோடில், ஸ்கிரைபஸிலோ இன்டிசைனிலோ தொடங்குங்கள். பழைய பைல்களில் அடிக்கடி தேவைப்படுவதை ஓய்ந்த மாதங்களில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மலைக்கோயிலின் தல வரலாற்றுச் சிறு நூல்கள், ஊர்த் திருவிழா மலர்கள் போன்றவை வேறு எங்கும் கிடைக்காத சரக்கு. அவை டாங்கிள் பழுதாகும் நாளில் அதோடு சேர்ந்து தொலைந்துபோகக் கூடாது. அது வரைக்கும் எக்ஸ்பி ஓடட்டும், வெளி உலகம் தெரியாத அறையில், இரண்டு ஃபோல்டர் மட்டும் பார்த்துக்கொண்டு.

இந்த வாரத்தில் ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில், செட்டிங்ஸில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே டி டிரைவோ ஹோம் ஃபோல்டரோ இருந்தால் எடுத்துவிட்டு வரவையும் செலவையும் போடுங்கள், நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் போய்ச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். தொழிலில் போட்டி இருக்கட்டும், இதில் வேண்டாம்.

அன்புடன்,
தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து, உங்களில் ஒருவன்